புடவையின் உள்பக்கத்தையும் காட்டுங்கள்

மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடத்திலிருந்து உடைகளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். நான் போடுகிற உடையைப் போட்டோ எடுத்து, கூடவே நாலு பத்தி எழுதுவது வழக்கம். “படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு, “எங்கடி வாங்குன, லிங்க் குடு” என்று கேட்ட தோழிகளும் உண்டு. இத்தனை நாள் எழுதியதில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழில் ஃபேஷன் என்று வருவதில் பெரும்பாலும் துணியைப் பற்றிய பேச்சே இருப்பதில்லை. லுக் இருக்கிறது, பின்னால் பாட்டு ஓடுகிறது, கீழே தள்ளுபடிக் கூப்பன் குறியீடு இருக்கிறது. உடுத்தியிருப்பது என்ன துணி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் துணியைப் பற்றித்தான். சாயம் போகுமா? துவைத்தால் சுருங்குமா? பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனால் கசங்குமா? லைனிங் இருக்கா, இல்லை உள்ளே ஸ்லிப் போடணுமா? ஷாலுக்குப் பின் குத்தினால் ஓட்டை விழுமா? கேட்பவர்கள் ஐந்தாறு சுடிதாரை வைத்துக்கொண்டு திங்கள் முதல் சனி வரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள். நானும் அப்படித்தான். எங்களுக்கு எழுநூறு ரூபாய் குர்தி பெரிய செலவு. இரண்டாவது துவையலில் அது வெளுத்துப்போனால் தீபாவளி வரை அதையேதான் போட்டாக வேண்டும். அதனால்தான் போட்ட உடையையே திரும்பத் திரும்பப் போட்டு எழுதுகிறேன். பத்துத் துவையலுக்குப் பிறகும் அந்தக் கழுத்து மடிப்பு நிற்கிறதா என்பது புதுசு பிரித்த அன்றைக்கு எடுத்த போட்டோவில் தெரியாது.

காட்டன் என்று போட்டு விற்கிற பல குர்திகள் கைக்கு வந்த பிறகு பார்த்தால் ரேயானாகவோ பாலியஸ்டர் கலந்ததாகவோ இருக்கின்றன. மதுரை வெயிலில் இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் தையல்கார அண்ணன் முன்பு மீனாட்சி கோயில் எதிரே இருக்கிற புது மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே தைக்கிறார். “நூலைக் கேளு பாப்பா, அதுவே சொல்லும்” என்று அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்ட வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகப் போய்விடும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி போல உறைந்துவிடும். ரேயானும் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்தி மாதிரியேதான் எரியும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் ஈரத்தில் பலம் இழந்து சட்டென்று அறும், பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். ரேயான் கெட்ட துணி என்று நான் சொல்லவே மாட்டேன், அதன் தழைவு பருத்திக்கு வராது. ரேயானை ரேயான் என்று சொல்லி, ரேயான் விலைக்கு விற்கட்டும்.

நான் மனசு வைத்து எழுதியது, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற மதுரைச் சுங்குடிப் புடவையைப் பற்றித்தான். என் தோழி, இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்துவரும் சௌராஷ்டிரச் சமூகத்துக் குடும்பம். அவள் பாட்டி கல்யாணத்துக்கு முன்பிருந்தே முடிச்சுப் போட்டவர். துணியை மடித்து, அடையாளம் வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்து, துணியை இழுத்துப் பிரித்தால் நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளி விழுந்திருக்கும். பாட்டி தன் பழைய அரக்குப் புடவையை மடியில் விரித்து, என் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு புள்ளியும் லேசாகப் புடைத்திருந்தது. ஒன்று சற்று நீண்டும், ஒன்று நடுவில் சாயப் பொட்டோடும், இன்னொன்று ஓரம் கலைந்தும் இருந்தது. “மகளுக்குச் சொல்லிக் குடுக்கலையா ஆச்சி?” என்று கேட்டேன். “கண்ணு போச்சு, கூலியும் கட்டல. அவ எதுக்கு இதுக்கு வரணும்?” என்றார்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விளக்குத்தூண் பக்கம் சுங்குடி என்று கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சு (புள்ளி வர வேண்டிய இடத்தில் அச்சால் மெழுகு வைத்துச் சாயத்தில் முக்குவது) அல்லது ஸ்க்ரீன் பிரிண்ட். மெழுகு அச்சிலும் கைவேலை இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது, வெயில் காலம் முழுக்க என் அம்மா கட்டுவது அதைத்தான். மூன்றையும் ஒரே பெயரில் விற்கும்போது அடிபடுவது முடிச்சுப் போட்ட கைதான், ஏனென்றால் அந்த வேலைக்கு உரிய விலையைக் கேட்டால் “அங்க இதே புடவை முன்னூறுதானே” என்று பதில் வருகிறது. இங்கேதான் எங்களைப் போல எழுதுகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. புடவையைத் திருப்பி ஒரு போட்டோ போடுங்கள். ஸ்க்ரீன் பிரிண்ட் என்றால் உள்பக்கம் வெளிறித் தெரியும். மெழுகு அச்சில் சாயம் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும், ஆனால் புள்ளிகள் அச்சு வரிசையில் ஒரே அளவாக நிற்கும். முடிச்சுப் புள்ளியைக் கிட்டத்தில் எடுத்தால் அந்தப் புடைப்பே தெரிந்துவிடும்.

அப்புறம் நிறம். கடையில் போய் மாம்பழ மஞ்சளைக் கையில் எடுத்தால் “இது உங்க கலருக்கு எடுக்காதும்மா” என்று விற்பவரே வாங்கி உள்ளே வைத்துவிடுகிறார். நான் கறுப்பு. வாடாமல்லி, ராமர் பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் எல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். எந்த நிறமும் என்னைப் பார்த்து விலகி ஓடவில்லை. 2020-இல் ஒரு பெரிய முகக்கிரீமே தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது, நம் துணிக்கடைப் பேச்சு இன்னும் மாறவில்லை. போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். அது தோலை வெளுப்பாக்கும்போது துணியின் நிறமும் கூடவே மாறுகிறது. அரக்கு என்று நம்பி வாங்கியவளுக்கு வீட்டில் வேறு ஏதோ சிவப்பு வந்து இறங்கினால் யார் பொறுப்பு? பகல் வெளிச்சத்தில் மொட்டை மாடியில் எடுத்தால் போதும், நல்ல கேமராவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காசு விஷயத்தையும் பேசிவிட வேண்டும். கொஞ்சம் பேர் படிக்க ஆரம்பித்ததும் ஒரு கடையிலிருந்து குர்தி செட் அனுப்பி, போட்டு எழுதச் சொன்னார்கள். “இலவசமாக வந்தது என்று முதல் வரியில் எழுதுவேன்” என்றேன். அது வேண்டாம், சாதாரணமாக வாங்கியது போல இருக்கட்டும் என்றார்கள். சரி என்று துணியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதில் நான் ஏதோ தியாகம் செய்யவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று தெரியப்படுத்தச் சொல்லி, விளம்பரத் துறையினரே நடத்தும் விளம்பரத் தரநிலைக் கவுன்சில் (ASCI) 2021-இலேயே விதிமுறை கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதைச் சொன்னது. இலவசப் பொருள் வாங்கினாலும் அதில் சேர்த்திதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என்னோடு படிக்கிற, இதே மாதிரி எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. கடைக்காரர்களும் சொல்லித் தருவதில்லை. பாக்கெட் மணியில் வாழ்கிறவளுக்கு ஒரு குர்தி சும்மா வருவது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள், அதை எழுதியும் விடுங்கள். நம் பேச்சை நம்பி எழுநூறு ரூபாய் எடுத்து வைக்கிறவளும் நம்மை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்தான்.

அடுத்து திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கிற எக்ஸ்போர்ட் மிச்ச டி-ஷர்ட்களைப் பற்றி எழுதப் போகிறேன். ஜி.எஸ்.எம். என்று சொல்லி விற்கிறார்களே, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்கிற அந்தக் கணக்கு, அதைக் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அக்கா, அண்ணன் யாராவது இதைப் படித்தால், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொல்லுங்கள்.