மலேசியாவின் 377-ஆம் பிரிவு மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு வந்ததல்ல

"ஒருபால் உறவுக்கு எதிரான சட்டம் மெர்டேக்காவுக்குப் பிறகு நம் அரசாங்கம் கொண்டு வந்தது, வெள்ளைக்காரன் காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

அந்தச் சட்டம், அதாவது தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் எழுதியதேதான். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாதிரியாக வைத்து, பினாங்கும் சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு 1871-இல் ஒரு சட்டம் இயற்றி, மறு ஆண்டே நடைமுறைப்படுத்தினார்கள். மெர்டேக்கா 1957-இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1989-இல் நம் நாடாளுமன்றம் அதைப் பல பிரிவுகளாக விரித்தது உண்மை; அவர் அதைத்தான் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. மூலச் சட்டத்தின் அந்தப் பிரிவு, வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இங்கே இன்னும் இருக்கிறது.

அப்புறம், "கண்டுகொள்ளவில்லை"யாம். என் சின்னப் பாட்டியும் பக்கத்து வீட்டுத் தோழியும் பினாங்கின் டத்தோ கிராமாட்டில் ஒரே தையல் மிஷினில் மாறி மாறித் தைத்து வளர்ந்தவர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போதும் கைகோத்தபடிதான். "உயிர்த் தோழிகள்" என்று ஊரே மெச்சியது. ஒரு கடிதம் பெரியவர்கள் கையில் சிக்கியது. மூன்றே மாதத்தில் தோழியை ஈப்போவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். போலீசும் வரவில்லை, கோர்ட்டும் வரவில்லை; கண்டுகொண்டது வீடுதான். பாட்டி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் போன பிறகு அலமாரியில் ஒரு மைலோ டின்னைத் திறந்தோம்: ஈப்போ முத்திரை குத்திய உறைகள், அடியில் பாதி தைத்த ரவிக்கைக் கை ஒன்று.