ஜோடியாக மாரத்தான் ஓடக் கிளம்புகிறவர்களுக்கு

ஜனவரி வந்தால் என் டைம்லைன் முழுக்க ஒரே மாதிரி படங்கள். கணவனும் மனைவியும் கைகோர்த்து ஃபினிஷ் லைனைத் தாண்டுவார்கள், கீழே இதயமாகக் குவியும். எங்கள் படமும் அதில் உண்டு. எங்கள் இருவருக்குமே சென்னை மாரத்தான்தான் முதல் ஃபுல், அதாவது முழு மாரத்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "நாமளும் சேர்ந்து ஓடலாமா" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யார் வேகத்தில் ஓடப்போகிறீர்கள் என்பதைப் பெயர் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேச முடியவில்லையா, தனித்தனியாக ஓடுங்கள். அன்பு ஒன்றும் குறைந்துபோகாது.

1967 பாஸ்டன் மாரத்தான் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டியில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் சுவிட்சர் என்ற பெண்ணின் மார்பிலிருந்த 261 என்ற எண்ணைப் பிடுங்க ஜாக் செம்பிள் என்ற அதிகாரி பாய்கிறார். கூட ஓடிய காதலர் டாம் மில்லர் இடித்துத் தள்ளியதில் செம்பிள் தூரப் போய் விழுகிறார். மில்லர் சுத்தியல் எறிதல் வீரர், சும்மாவா! ஆனால் அதற்கப்புறம் நடந்ததை யாரும் ஷேர் செய்வதில்லை. கொஞ்ச தூரம் போனதும் அதே மில்லர், உன்னால் என் ஒலிம்பிக் வாய்ப்பே போச்சு என்று நடுரோட்டில் சண்டை போட்டார். நீ ரொம்ப மெதுவாக ஓடுகிறாய் என்று வேறு சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். சுவிட்சரோடு கடைசிவரை ஓடியவர் அவருடைய பயிற்சியாளர் ஆர்னி பிரிக்ஸ். அப்புறம் மில்லரையே சுவிட்சர் கல்யாணம் செய்துகொண்டார், சில வருடங்களில் விவாகரத்தும் ஆனது. ஓட்டம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை!

ஆனால் அந்த "மெதுவாக ஓடுகிறாய்" எங்கே வரும் என்று ஓடியவர்களுக்குத் தெரியும். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் முதல் 30 வரை எல்லாரும் நல்லவர்கள். அதைத் தாண்டினால் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன் தீரத் தொடங்கும், கால் கல்லாகும். அது இருவருக்கும் ஒரே இடத்தில் வராது என்பதுதான் சிக்கல். ஒருவர் தெம்பாக இருக்கும்போது இன்னொருவருக்கு வாழ்க்கையே வெறுத்திருக்கும். இதில் நம்ம ஊர்ப் புழுக்கம் வேறு. விடியுமுன்பே ஓடத் தொடங்கினாலும் வியர்வை காயாது, உடம்பு ஆறாது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும்.

எனக்கு அந்த இடம் 33-வது கிலோமீட்டரில் வந்தது. "கமான், இன்னும் ஒன்பதுதான்" என்றார் இவர். "ஏங்க, தயவுசெஞ்சு பேசாம வாங்க" என்றேன். நல்லவேளை, பேசாமல் வந்தார். தண்ணீர் கொடுக்குமிடத்தில் எலக்ட்ரால் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து என் கையில் வைத்தார். வியர்த்து வழுக்கும் விரலுக்கு அந்த மூடி அப்போது திறக்காது, ஓடியவர்களுக்குத் தெரியும். கிலோமீட்டருக்கு ஒருமுறை தட்டிக்கொடுக்கிறவரைவிட இந்த மாதிரி ஆள்தான் கூட வேண்டும். அவர் தனியாக ஓடியிருந்தால் அரைமணி நேரமாவது முன்னால் முடித்திருப்பார். முன்பே பேசி வைத்திருந்ததால் அன்று அந்தப் பேச்சு எழவில்லை.

இன்னொரு விஷயத்தையும் ஜோடிகள் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. ஓடும் நாள் ஒருநாள்தான், பயிற்சி மாதக்கணக்கு. கணவன் மட்டும் ஓடினால் மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வாள். இருவரும் ஓடினால்? ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்குக் காலை நாலு மணிக்கு இருவரும் கிளம்பினால் பிள்ளை எழும்போது வீட்டில் யார்? எங்களுக்கு மாமியார் இருந்தார், தப்பித்தோம். வார நாட்களில் ஒருநாள் என் கணவர் ஓடப் போவார், ஒருநாள் நான். சனிக்கிழமை மாவரைப்பது கணவர் வேலையானது, முதல் மாவு தோசைக்கும் இல்லை இட்லிக்கும் இல்லை என்று ஒரு பதத்தில் வந்தது, சரி, சாப்பிட்டோம். எங்கள் ரன்னிங் குழுவில் பாதியில் நின்றுபோன பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். யாருக்கும் முழங்கால் பிரச்சினை இல்லை. காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் யார் கட்டுவது என்பதுதான் பிரச்சினை. "என் மனைவியும் ஓடுகிறாள்" என்று பெருமையாகப் போஸ்ட் போடுகிற அண்ணன்மார்கள் அந்த டிபன் பாக்ஸைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் நன்றாயிருக்கும்.

அடுத்த வருடம் தன் வேகத்தில் ஓடிப் பார்க்க வேண்டும் என்கிறார் இவர். தாராளமாகப் போங்க என்று சொல்லிவிட்டேன். நான் ஹாஃபுக்கு, அதாவது பாதித் தூர ஓட்டத்துக்கு, பெயர் கொடுக்கப் போகிறேன். சனிக்கிழமை மாவு மட்டும் அவரிடமே இருக்கும்.