ரோனி வராத கொச்சி

2019 மார்ச்சில் கொச்சியில் இந்தியன் ஓபன் ஸ்னூக்கர் நடந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கோவையில் நாங்கள் ஆடும் பார்லரில் ஆள் சேர்த்துப் பார்த்தேன்.

"ரோனி ஓ'சல்லிவன் வர்றாருங்ளாண்ணா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்குங்ணா அத்தனை தூரம்?"

பெரிய ஆள் வராத சின்னப் போட்டி எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசியில் நானும் எங்கள் மார்க்கரும் மட்டும்தான் ரயில் ஏறினோம். இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்குப் பந்து அடுக்கிக் கொடுத்த மனிதர். டிவியில் தவிர ஒரு தொழில்முறை ஆட்டக்காரரைப் பார்த்ததே இல்லை.

அரங்கில் சாக் உரசும் சத்தம் காதில் விழும் தூரத்தில் இடம் கிடைத்தது. நான் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தொடையைத் தட்டி, "பந்த விடுங்க தம்பி, காலைப் பாருங்க" என்றார். ஆடியவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னாலிருந்து நடந்து வந்து, முதலில் வலது காலை ஊன்றி, அப்புறம்தான் குனிந்தார். எளிதான சிவப்புக்கும் அதே நடை, கஷ்டமான கறுப்புக்கும் அதே நடை. டிவியில் கேமரா மேலிருந்து மேசையைக் காட்டும், கால் தெரியாது. இத்தனை வருடம் ஸ்னூக்கர் பார்த்த எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

அந்தப் போட்டியை வென்றவர் மேத்யூ செல்ட். இறுதி ஆட்டத்தில் சீனாவின் லியூ ஹாவ்தியானை 5-3 என்று தோற்கடித்தார். 2002-லேயே தொழில்முறைக்கு வந்தவருக்கு அதுதான் முதல் ரேங்கிங் பட்டம் (தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டியின் பட்டம்), 34 வயதை நெருங்கும்போது. அவர் மட்டுமில்லை. மும்பையில் வென்ற மைக்கேல் வைட்டுக்கும், 2016-ல் ஹைதராபாதில் வென்ற ஆண்டனி மெக்கில்லுக்கும் முதல் ரேங்கிங் பட்டம் இந்தியன் ஓபன்தான். மொத்தம் நடந்ததே ஐந்து. அதில் மூன்று பேர் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். மீதி இரண்டு, டில்லியில் டிங் ஜுன்ஹுய்க்கும் விசாகப்பட்டினத்தில் ஜான் ஹிக்கின்ஸுக்கும் போயின. "பெரிய ஆள் வரலை, அதனால ஜெயிச்சாங்க" என்று சொல்லலாம்தான். சரி, வரவில்லை. வராமல் போனது அவர்கள் இஷ்டம். வந்து ஆடியவன் ஜெயித்ததில் என்ன குறை?

இந்த ஆட்டத்தின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தரவரிசை என்பது இரண்டு வருடத்தில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் கூட்டல் கணக்கு. உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் ஷெஃபீல்டில் ஜெயிப்பவர் ஒரே போட்டியில் ஐந்து லட்சம் பவுண்டு வாங்கிவிடுகிறார். எழுபதாவது இடத்தில் இருப்பவர் இங்கே இரண்டு ஆட்டம், அங்கே மூன்று ஆட்டம் என்று வென்று பொறுக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டு வருட முடிவில் முதல் 64 பேருக்குள் இல்லாவிட்டால் பெரும்பாலும் டூரை, அதாவது தொழில்முறை ஆட்டச் சுற்றை விட்டே வெளியே. முதல் சுற்றில் தோற்றால் பல போட்டிகளில் ஒரு பைசா கிடையாது என்றுதான் வெகுகாலம் இருந்தது. பயணச் செலவும் கைக்காசு. 2022-ல்தான் சீசனுக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட தொழிலில் நாலு சின்னப் போட்டிகளை எடுத்துவிட்டால் ரோனிக்கு ஒன்றும் ஆகாது. எழுபதாவது ஆள் க்யூவை உறையில் போட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ராபர்ட் மில்கின்ஸ் கதை தெரியுமா? 1995-ல் தொழில்முறைக்கு வந்தவர். 27 வருடம் ஒரு ரேங்கிங் பட்டம்கூட இல்லை. 2022 மார்ச்சில், 46 வயதில், ஜிப்ரால்டர் ஓபன் என்ற சின்னப் போட்டியின் இறுதியில் கைரன் வில்சனை 4-2 என்று வென்றார். பரிசு 50,000 பவுண்டு. அதோடு அந்தச் சீசனில் குறிப்பிட்ட சில போட்டிகளின் கூட்டுப் பட்டியலில் முதலிடம் என்று இன்னொரு 1,50,000. மறு வருடம் வெல்ஷ் ஓபன் இறுதியில் ஷான் மர்ஃபியை 9-7 என்று சாய்த்தார். ஜிப்ரால்டர் இல்லாமல் அந்த வெல்ஷ் ஓபன் வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். ஜெயிக்கத் தெரியும் என்று ஒருவனுக்கு ஒருதடவையாவது நிரூபணம் வேண்டாமா?

எல்லாச் சின்னப் போட்டிக்கும் நான் கொடி பிடிக்கவில்லை. ஷூட் அவுட் என்று ஒன்று: ஒரே பிரேம் (ஒரு ஆட்டம்), பத்து நிமிடம், முதல் பாதியில் ஷாட்டுக்கு 15 நொடி, அப்புறம் 10 நொடி. கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். பார்க்க ஜாலிதான், ஆனால் அதை 2017-லிருந்து ரேங்கிங் போட்டியாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி நான் பேசிக்கொண்டு திரிந்தபோதுதான் 2022-ல் ஹொசைன் வஃபாயி அதை வென்று, ரேங்கிங் பட்டம் வென்ற முதல் ஈரானியர் ஆனார். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டேன். கருத்து மாறவில்லை என்பது வேறு விஷயம்.

2020 ஜூன் 1 ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கில் உலகமே முடங்கியிருந்தபோது மில்டன் கீன்ஸில் சாம்பியன்ஷிப் லீக் தொடங்கியது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. சாதாரண நாளில் பலர் சீண்டாத போட்டி அது. அன்றைக்கு நேரலையில் பார்க்க வேறு விளையாட்டு அதிகம் இல்லை. பந்து பையில் விழும் 'டொக்' சத்தம் கேட்டதும், பார்லர் மூடி இரண்டு மாதமாகக் கிடந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. வென்றவர் லூக்கா பிரெசெல். மூன்று வருடம் கழித்து அவரே உலகச் சாம்பியன்.

ஸ்னூக்கருக்கு விதிகள் வகுத்து மாட்டிய இடம் என்று ஊட்டி கிளப்பைச் சொல்வார்கள். எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் போய்விடலாம். ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தியன் ஓபன் ஒருமுறைகூட வரவில்லை. கொச்சிதான் எங்களுக்குக் கிட்டத்தில் வந்தது, அதுவே கடைசியும் ஆகிவிட்டது. 2013-ல் டில்லியில் ஆதித்யா மேத்தா இறுதிக்கு வந்தாரே, ரேங்கிங் போட்டி ஒன்றின் இறுதியில் ஆடிய முதல் இந்தியர். டிங்கிடம் 5-0 என்று தோற்றார். இன்னொரு பையன் அப்படி நம் ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஆட இப்போது மேடை எங்கே இருக்கிறது?

எங்கள் மார்க்கர் கொச்சியிலிருந்து திரும்பிய மறுநாள், மூன்றாவது டேபிள் பக்கத்தில் தரையில் சாக்கால் ஒரு கோடு போட்டார். புதிதாக வரும் பையன்கள் வலது காலை அங்கே வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். பெருக்கும்போது அழிந்துவிடும், மறுபடி போடுவார். யாராவது எதற்கென்று கேட்டால், "கொச்சில நேர்ல பார்த்தேன்" என்பார்.