இந்துப்பும் உப்புதானே

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தூளுப்பை விட்டு இந்துப்புக்கு மாறினால் போதும் என்று உப்பு பற்றிய ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அது எல்லா உப்புக்கும் பொருந்தும்.

என் தாயாருக்கு அழுத்தம் கூடிய பின், வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று தேக்கரண்டி உப்பைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்து, இட்லி மாவு முதல் இரவு ரசம் வரை அதிலிருந்தே போடத் தொடங்கினோம். முதல் நாள் மதியச் சாம்பாரோடு கிண்ணம் காலியாகிவிட்டது. பொரியலை இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழியப் பழகிய பிறகுதான் இரவுக்கும் சிறிது மிஞ்சியது. ஆனால் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அப்பளமும் மோர் மிளகாயும் (இவற்றை அம்மா இன்றுவரை உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை) அந்தக் கிண்ணத்துக்கு வெளியிலிருந்துதான் வருகின்றன.

சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.