ஜோப்ளினில் எச்சரிக்கை வந்தது

அண்ணா, போச்சம்பள்ளிப் பக்கம் காற்றில் மாங்காய் கொட்டியதைச் சொன்ன கையோடு, 2011இல் அமெரிக்காவின் ஜோப்ளின் நகரத்தைச் சூறையாடிய டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்கும் எச்சரிக்கையே இல்லை, வானிலைக்காரர்கள் அப்புறம்தான் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தடியில் கிடந்த பிஞ்சுகளை நானும் பார்த்தேன், மனசு ஆறவில்லை. ஆனால் ஜோப்ளின் விஷயம் அப்படியில்லை. மே 22 மாலை 5.17க்கே நகரத்துக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், டொர்னாடோ தரையைத் தொட்டது 5.34க்கு. முழுசாக 17 நிமிடம்! சைரன் கேட்டும் பலர் உடனே பதுங்காமல், டிவியைப் போட்டு, வெளியே வந்து வானத்தைப் பார்த்து, நிஜம்தானா என்று உறுதி செய்துகொண்டிருந்தார்கள். 150 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஊர்மக்களிடமே கேட்டு எழுதியது இது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் ஜோப்ளின் மதிப்பீட்டு அறிக்கையை ஆங்கிலத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கும், அந்த இரண்டு நேரத்தையும் நீங்களே பாருங்கள்.