திரும்பி வந்தவரைத் திட்டாதீர்கள்

எச்ஐவி தொற்றோடு வாழும் நண்பர் ஒருவருடன் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பதினான்கு மாதமாக அவர் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சாப்பிடவில்லை. பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ்ளோ நாளா எங்க போயிருந்தீங்க? உயிர் மேல ஆசை இல்லையா?" என்றார். நண்பர் வாயே திறக்கவில்லை. கையிலிருந்த சீட்டை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

அன்று அவர் போயிருந்தால்? நினைத்தால் இப்போதும் பதறுகிறது. சிடி4 எண்ணிக்கை, அதாவது ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் கணக்கு, 84 என்று வந்தது. 200க்குக் கீழே போனாலே நோய் முற்றிய நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, நடந்துதான் வந்தார். ஆனால் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் தடயம் இருந்தது. இது மூளைக்காய்ச்சலாக வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும். முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளை வரை போகவில்லை. பூஞ்சைக்கான மருந்தான ஃப்ளுகோனசோல் தொடங்கினார்கள். காசநோய்க்கும் சோதித்தார்கள். எச்ஐவி உள்ளவர்களின் உயிரை இன்றும் அதிகம் பறிப்பது காசநோய்தான்.

2015இல், சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்கலாம் என்ற பரிந்துரை வந்தது. மிக நல்ல முடிவு. ஆனால் அதோடு சிடி4 சோதனையே தேவையில்லை என்ற நினைப்பும் பல இடங்களில் வந்துவிட்டது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும். இன்றைக்கு இந்த உடம்பு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சிடி4தான் சொல்லும். விட்டுப்போய்த் திரும்பியவருக்கு முதலில் அதைப் பாருங்கள்.

மருந்தை நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. இடைவெளி விட்டு மருந்து எடுத்தவர்களுக்கு இறப்பும், இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் கூடின என்று 2006இலேயே ஸ்மார்ட் ஆய்வு காட்டிவிட்டது. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டு, உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அவர் ஏன் நிறுத்தினார் தெரியுமா? அறையில் கூடத் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தார், குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க. ஒருநாள் ஒருவர் அதைத் திறந்து பார்த்து, "இது என்ன மாத்திரை?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு நிறுத்தியவர்தான். மாதாமாதம் வரிசையில் நிற்க வேறு பயம். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கலாம் என்ற பரிந்துரை இருக்கிறது. அவருக்கு அப்படிக் கொடுத்ததே இல்லை.

எனக்குத் தாங்காத இன்னொன்று. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பதை எட்டு வருடச் சிகிச்சையில் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்து, மருந்தால் வைரஸ் அப்படிக் குறைந்திருந்த ஏறக்குறைய 780 ஆண் இணைகள் ஆணுறையில்லாமல் 76,000 முறைக்கு மேல் உறவுகொண்டும், துணையிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. இதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்ந்தவர் அவர்.

அன்று உள்ளறையில் இருந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வந்துட்டீங்கல்ல, நல்லதாப் போச்சு. சாப்டீங்களா? இருமல் ஏதும் இருக்கா?" திரும்பி வரும் வழியில் மருந்தைப் பற்றியோ 84ஐப் பற்றியோ நண்பர் எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த தடவையும் அந்த அக்கா இருப்பாங்களா?"