ஒரு ஞாயிறுக்கு இரண்டு இடம் போதும்: சென்னையில் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு சென்னையைச் சுற்றக் கிளம்புகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. விடியலுக்கு மெரினா, ஏழு மணிக்குக் காசிமேடு, ஒன்பதுக்குக் கோயம்பேடு, மதியம் பாரிமுனை, சாயங்காலம் மயிலாப்பூர், இருட்டினதும் நேப்பியர் பாலம். மொத்தம் ஆறு இடம். ராத்திரி வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் அறுநூறு படம் இருக்கும். அதில் பாதிக்குமேல் முதுகுகள். மீதி, கேமராவைப் பார்த்துத் திடுக்கிட்ட முகங்கள். இது திறமைக் குறைவால் வருவதில்லை. ஓரிடத்தில் அரை மணி நேரம்கூட நிற்காததால் வருவது.

காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், அவ்வளவு போதும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஊரின் வெளிச்சமே அப்படித்தான் கேட்கிறது. சென்னை இருப்பது வடக்கு அட்சம் 13 பாகையில். இங்கே சூரியன் சாய்வாக மெல்ல எழுவதில்லை, விறுவிறுவென்று ஏறிவிடும். கிழக்கு வெளுக்கத் தொடங்கிச் சூரியன் தலைகாட்டுவதற்குள் இருக்கும் நல்ல நீல வெளிச்சம் சுமார் 22 நிமிஷம்தான். அதற்குப் பிறகு வரும் பொன் வெளிச்சம் முக்கால் மணி நேரம் நின்றால் பெரிது. எட்டரைக்கெல்லாம் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். அப்போது எடுக்கும் முகங்களில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். ஆக நாளுக்கு இரண்டே ஜன்னல். ஒன்றை ஆட்டோவில் கழித்துவிட்டு இன்னொன்றில் பார்க்கிங் தேடினால் படம் எங்கிருந்து வரும்?

சூரிய உதயம் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் சுமார் 5.42. ஜனவரி கடைசியில் 6.35 வரை தள்ளிப்போகும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். ‘ஆறு மணிக்குப் போனால் சரி’ என்பது வருஷம் முழுக்கப் பொருந்தாது. திசையும் மாறும். ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழும், டிசம்பரில் தென்கிழக்கில். போன டிசம்பரில் நல்ல படம் கிடைத்த அதே கல்லில் ஜூனில் நின்றால் வெளிச்சம் வேறு பக்கம் விழும்.

முந்தின ராத்திரி வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலருடைய காலை அங்கேதான் கெடுகிறது. கேமராவை ஏசி அறையில் வைத்துத் தூங்காதீர்கள். கோடையில் விடிகாலை நாலரை மணிச் சென்னைக் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மேல் பட்டாலும் தண்ணீராகப் படியும். 22 டிகிரியில் இரவெல்லாம் கிடந்த லென்ஸ் வெளியே வந்ததும் குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி வியர்த்துக்கொள்ளும். துடைத்தால் போகும், அரை நிமிஷத்தில் மறுபடி வரும். சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் இன்னும் மோசம், படத்தைப் பதியும் சில்லான சென்சார் மேலேயே ஈரம் படியும். அதனால் பையை மூடியபடி ஏசி இல்லாத ஹாலில் இரவே வைத்துவிடுங்கள். காரில் போனால் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் வையுங்கள். பை மெதுவாகச் சூடாகும், கண்ணாடி வியர்க்காது. செல்போனுக்கும் இதே கதைதான். அதன் லென்ஸ் சின்னது என்பதால் சீக்கிரம் தெளிந்துவிடும்.

லென்ஸ் ஒன்றே ஒன்று போதும். முழு சட்டக (ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார்) கேமராவுக்கு 35 மில்லிமீட்டர், சின்ன சென்சாருக்கு 23 அல்லது 24. உப்புக் காற்றிலும் மீன் தண்ணீரிலும் லென்ஸ் மாற்றுவது சென்சாரைப் பாழாக்கும் வேலை. ட்ரைபாட் வேண்டாம். பேட்டரி இரண்டு, மெமரி கார்டு இரண்டு, பழைய பருத்தித் துணி ஒன்று, பெரிய பாலிதீன் பை ஒன்று. காலில் பிடிப்புள்ள ரப்பர் செருப்போ ஷூவோ வேண்டும். வழவழப்பான அடி உள்ள செருப்போடு காசிமேட்டுக்குப் போகவே கூடாது.

காலைக்கு நான் சொல்வது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் ஏலக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் படகைப் பழுது பார்ப்பது, சாயம் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் அப்போதுதான் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். அவசரம் இல்லாத நேரம் என்பதால் பேசவும் செய்வார்கள். முதல்முறை போகிறவர்களுக்குத் தடைக்காலமே நல்லது என்றுகூடச் சொல்வேன்.

மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன்பே கூட்டம் நெரியும். ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். போனதும் கேமராவை எடுக்காதீர்கள். கால் மணி நேரம் ஓர் ஓரமாக நின்று வழியைப் பாருங்கள். கூடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஐஸ் எங்கே உடைகிறது, மீன்பாடி வண்டி எங்கே திரும்புகிறது, ஏலம் விடுகிறவரைச் சுற்றி ஆட்கள் எப்படி வளைகிறார்கள். இது புரிந்தால் நிற்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும். தலையில் முப்பது, நாற்பது கிலோ கூடையோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவருக்கு நீங்கள் ஒரு தடங்கல், அவ்வளவுதான். ‘வழி, வழி’ என்ற குரல் கேட்டால் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்து முதலில் நகர வேண்டும். அந்தப் படம் போனால் போகட்டும். கூடை சரிந்தால் நஷ்டம் அவருக்கு.

விடியலுக்கு முன் அங்கே எல்லாம் எல்இடி, குழல்விளக்கு வெளிச்சம். இங்கேதான் நிறையப் பேருக்கு ஒரு பிழை வருகிறது. படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழும். கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்துபோவார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மின்னி அணைகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. சத்தமில்லாமல் எடுக்க வேண்டுமென்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு வேகத்தை 1/500 நொடி வைத்தால், சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்துக்கொண்டு வருவதற்குள் விளக்கு சில தடவை மின்னிவிடும். அதுதான் அந்தப் பட்டை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள், விளக்கின் ஒரு மினுக்கல் முழுதாக உள்ளே வந்துவிடும். ஆள் அசையாமல் நின்றால் 1/50 கூடச் சரி. கை வீச்சை உறைய வைக்க 1/250 வேண்டுமென்றால் ஃப்ளிக்கர் குறைப்பு வசதியை ஆன் செய்து மூன்று நான்கு படமாக அடியுங்கள், ஒன்றாவது சரியான பிரகாசத்தில் விழும்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, f/2 அல்லது f/2.8. வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓ 3200, தேவைப்பட்டால் 6400. மணல்மணலாக வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். மணல் விழுந்த கூர்மையான படத்தை வைத்துக்கொள்ளலாம், மணலே இல்லாமல் அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) வடிவத்தில் எடுங்கள். அங்கே ஒரு விளக்கு மஞ்சள், பக்கத்து விளக்கு பச்சை கலந்த வெள்ளை, மேலே வானம் நீலம். ஜேபெக்கில் அந்த நிறக்குழப்பத்தைப் பின்னால் சரிசெய்ய இடமே இருக்காது. செல்போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. ஏலக்காரர் கையை நீட்டினால் மூன்று கை தெரியும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம். ஈரமான வஞ்சிரத்தின் வயிறு கண்ணாடி மாதிரி. மேலே இருக்கும் விளக்கை அப்படியே திருப்பி அடிக்கும். கேமரா இருட்டான பின்னணியைப் பார்த்துவிட்டுப் படத்தை வெளிச்சமாக்கும், மீன் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் ஒன்று வரை இறக்குங்கள். வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை ஆன் செய்து வையுங்கள். சங்கராவின் சிவப்பும் வஞ்சிரத்தின் பக்கவாட்டுப் புள்ளிகளும் அப்போதுதான் நிற்கும். லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை மாட்டினால் பளபளப்பு போகும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்றுவிடும். இருட்டில் அது கட்டுப்படியாகாது. தவிர, பளபளப்பு முழுசாகப் போன மீன் பழைய மீன்போல் தெரியும்.

சூரியன் வந்ததும் திசையை முடிவு செய்யுங்கள். கடலைப் பார்த்து நின்றால் படகுகளும் ஆட்களும் நிழலுருவமாக வருவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகத்தில் பொன் வெளிச்சம் விழும். நிழலுருவப் படம் எல்லாரிடமும் இருக்கிறது. முகத்தை எடுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பெரிய விண்ணப்பமெல்லாம் வேண்டாம், கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி, ‘அக்கா, ஒண்ணு எடுத்துக்கவா?’ என்றால் போதும். வேண்டாம் என்று கை அசைத்தால் அதோடு விட்டுவிட வேண்டும், தூரமாகப் போய் ஜூம் போட்டு எடுப்பது திருட்டு. சரி என்றால் முதல் படத்தோடு ஓடிவிடாதீர்கள். முதல் படத்தில் அவர் கேமராவுக்காக நிற்பார். ஐந்து நிமிஷத்தில் பேரம் பேசத் திரும்பிவிடுவார், உங்களை மறந்துவிடுவார். வேண்டிய படம் அதுதான்.

இருபது, முப்பது பேர் ஒரே மாதிரி பையோடு வந்து, மீன் விற்கும் ஒரு வயதான அம்மாவைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்து அடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவருடைய வாடிக்கையாளர் அந்த வட்டத்தைத் தாண்டி வர முடியாமல் அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார். இரண்டு பேராகப் போங்கள். மூன்று பேர் என்றால் பிரிந்து நில்லுங்கள். கிளம்பும்போது குடும்பத்துக்கும் கொஞ்சம் மீன் வாங்குங்கள்.

ஏழேகாலுக்கு வேலை முடிந்தது. போகிற வழியில் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856-இல் திறந்தது, இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. சாலையிலிருந்து அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டுப் போய் இட்லி சாப்பிடுங்கள்.

கையும் காலும் இன்னும் துறுதுறுவென்று இருந்தால் ஒரு தெரு நடக்கலாம். ஜார்ஜ் டவுனில் ஞாயிறு பெரும்பாலான கடைகள் அடைப்பு. மற்ற நாளில் நிற்கக்கூட இடமில்லாத தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் அன்றைக்குத்தான் மாடிகள் தெரியும். மரத் தூண், இரும்புக் கிராதி, வெளிறிய பழைய எழுத்துப் பலகை. இந்தத் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால் ஒன்பதரை வரை கிழக்குப் பக்கத்துச் சுவர் நிழலில் இருக்கும், எதிர்ச் சுவரில் பட்ட வெயில் அதன்மேல் மெத்தென்று திரும்பி விழும். மாடிகளை எடுக்க அதைவிட நல்ல விளக்கு கிடையாது. பக்கத்திலேயே அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ‘அர்மேனியன்’ என்பது நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772-இல் கட்டிய அர்மேனியத் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள். கார்டைக் காலி செய்து, இரண்டு இடத்தில் நகல் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

மாலைக்கு மயிலாப்பூர் குளம். கபாலீசுவரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்குப் பக்கம், குளமும் அதைப் பார்த்த சின்னக் கோபுரமும் மேற்குப் பக்கம். காலையில் குளத்தங்கரைக்குப் போகிறவர்களுக்குக் கோபுரம் கறுப்பாகத்தான் தெரியும், சூரியன் அதன் பின்னால் இருக்கும். சாயங்காலம் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்று கிழக்கே பாருங்கள். மேற்கு வெயில் உங்கள் தோளுக்கு மேலாகப் போய்க் கோபுரத்தில் விழும், குளத்தில் தண்ணீர் இருந்தால் அது இரட்டிப்பாகும். நவம்பரில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 வரை இருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த 15, 20 நிமிஷத்தில் வானத்தின் நீலமும் கோபுர விளக்கும் ஒரே அளவுக்கு வரும் ஒரு கணம் உண்டு. முன்னால் எடுத்தால் விளக்கு தெரியாது, பின்னால் எடுத்தால் வானம் கறுப்பு. கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, 1/8 அல்லது 1/15-இல் எடுங்கள். கோயிலுக்குள் கேமராவும் வேண்டாம், போனும் வேண்டாம். 2022 டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லிவிட்டது. மாட வீதிப் பூக்கடைகளே மீதி மாலைக்குப் போதும். வாழைநார் எடுத்து, பூவை இரண்டிரண்டாக வைத்து, கட்டை விரலால் முடிச்சை இறுக்கும் அந்தக் கையை ஒரு மீட்டர் தள்ளி நின்று 1/125-இல் எடுத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து கேமராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள், உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. காலையில் படிந்த உப்பை அப்படியே விட்டால் திருகுகளிலும் ஸ்ட்ராப் வளையத்திலும் பச்சை பூக்கும். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 60-ஐத் தாண்டி வாரக்கணக்கில் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடிய அலமாரியும் தோல் உறையும் சென்னையில் பூஞ்சைக்குத்தான் உதவும்.

படங்களில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். கேட்டு எடுத்த முகங்கள் அதில் எத்தனையோ, அத்தனையையும் 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போடுங்கள். அடுத்த தடவை போகும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே எல்லாருடைய கையும் ஈரமாகத்தான் இருக்கும்.